மிதக்கும் ஊருக்குச் சேரி எங்கே?

ஊரைத் திருத்த முடியாது, ஊரை விட்டு வெளியேறுவதுதான் ஒரே வழி. தரையில் பாக்கி இடமில்லை, ஆகவே கடலில் புது ஊர் கட்டுவோம் என்று ஒரு கூட்டம் பதினைந்து வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்வது யாரென்று பார்த்தால் ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட ஆள் ஒருத்தருமில்லை. கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் பணக்காரர்கள். 2008-இல் ‘சீஸ்டெடிங் இன்ஸ்டிட்யூட்’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். தொடங்கிய இரண்டு பேரில் ஒருவர் வேய்ன் கிராம்லிச். மற்றவர் பேட்ரி ஃப்ரீட்மன், நோபல் பரிசு வாங்கிய பொருளாதாரவாதி மில்டன் ஃப்ரீட்மனின் பேரன். ஆரம்ப முதலாக 5 லட்சம் டாலர் கொடுத்தவர் பேபால் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான பீட்டர் தீல்.

இதற்கெல்லாம் நம்ம பத்திரிகையில் எதற்குப் பக்கம் ஒதுக்கணும் என்று தோழர்கள் கேட்கலாம். ஒதுக்க வேண்டியிருக்கிறது. நன்றாகப் படிக்கிற நம் பிள்ளைகளில் சிலர் இதை நம்முடைய விடுதலைத் திட்டமாகவே பேச ஆரம்பித்திருக்கிறார்கள். “அண்ணே, கடல்ல ஊரும் இல்ல, சேரியும் இல்ல. பொதுக்குளம் கிடையாது, தேரோடுற தெரு கிடையாது, பட்டா கிடையாது. சாதி எதுல வந்து ஒட்டும்?” என்று ஒரு தம்பி கேட்டான். மட்டம் தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. வாடகைக்கு வீடு தேடிப் போய் “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்விக்கு முன்னால் நின்ற எவருக்கும், கயிற்றை அவிழ்த்துவிட்டு வீட்டோடு கிளம்பிப் போய்விடலாம் என்கிற கற்பனை இனிக்கத்தான் செய்யும். எனக்கும் இனித்தது. அதனால்தான் அந்தத் திட்டங்களை உட்கார்ந்து படித்தேன். கவிதை எழுதுகிறவன் என்றாலும் பகலெல்லாம் பாங்கியில் கணக்குப் பார்க்கிற குமாஸ்தா நான். ஒரு பத்திரத்தைக் கையில் கொடுத்தால் அதில் என்ன எழுதவில்லை என்று தேடுகிற புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதலில் எழுதியிருப்பதைப் பார்ப்போம். இந்த இடத்தில் நக்கல் வேண்டாம், பொறியியல் பொறியியல்தான்.

தோணி அலையோடு ஏறி இறங்கும். அது தோணிக்குச் சரி. வீடு அப்படி ஏறி இறங்கினால் உள்ளே இருப்பவன் வாந்தியெடுத்தே செத்துப்போவான். ஆகவே மிதக்கும் வீட்டின் முதல் தேவை அசையாமல் மிதப்பது. அதற்கு வழி இரண்டுதான். ஒன்று, அலை வராத இடத்தில் போய்க் கட்டுவது, அல்லது அலையை மறிக்கிற தடுப்பை நீங்களே கட்டிக்கொள்வது. இன்னொன்று, எண்ணெய்க் கிணற்று மேடைகள் மாதிரி, வீட்டை உயரமான தூண்கள்மேல் தூக்கி வைத்து, கனத்தையெல்லாம் தண்ணீருக்கு ஆழத்தில் இறக்கிவிடுவது. கடல்மட்டத்தில் மெல்லிய தூண் மட்டுமே நிற்கும். அலை அதை அறைவதற்குப் பதிலாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். அந்த மேடை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? 1995 ஜனவரி 1-ஆம் தேதி வட கடலில் நார்வேக்காரர்களின் டிராப்னர் மேடைக்கடியில் கடந்து போன ஒற்றை அலையின் உயரம் 25.6 மீட்டர். எட்டு மாடிக் கட்டிடம் நடந்து போன மாதிரி. அதைக் கருவி அளந்து வைத்திருக்கிறது.

அப்புறம் உப்பு. இரும்பு துருப்பிடிக்கும், ஆகவே கான்கிரீட். அந்தக் கான்கிரீட்டிலும் உப்பு கசிந்து உள்ளே போய் கம்பியைத் தின்னும், ஆகவே மிக நெருக்கமான கலவையாக இருக்க வேண்டும். அடிப்புறத்தில் சிப்பியும் பாசியும் ஏறி எடை கூட்டும். ஆழ்கடலின் சராசரி ஆழம் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு நீளத்துக்கு நங்கூரக் கயிறு விடுகிற செலவை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீருக்குக் கடல்நீரைச் சவ்வு வழியாகத் தள்ளி உப்பெடுக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் தின்னும் வேலை அது. தண்ணீர் விஷயம் முடியாத காரியமொன்றும் இல்லை. லட்சத்தீவின் காவரத்தியில் 2005-இல் சென்னை தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆழ்கடலின் குளிர்ச்சியைப் பயன்படுத்தி நாளுக்கு 1 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்கிற ஆலையை நிறுவியது. 2007-இல் சென்னைக்கு எதிரே நடுக்கடலில் ஒரு மிதவையின்மேல் இதையே பத்து மடங்கு பெரிதாகச் செய்து காட்டியது. ஆக, மிதக்கிற அறிவு மனுஷனிடம் இருக்கிறது. நம் சண்டை அந்த அறிவோடு இல்லை.

2013-14 வாக்கில் டெல்டாசிங்க் என்ற டச்சு நிறுவனம் இந்த அமைப்புக்காக ஒரு திட்டம் போட்டுக்கொடுத்தது. 50 மீட்டர் பக்கமுள்ள சதுர மேடைகள், ஐங்கோண மேடைகள். கான்கிரீட்டில் வார்த்து ஒன்றோடொன்று கோக்கலாம், வேண்டாமென்றால் கழற்றலாம். கூடவே ஒரு முடிவையும் சொன்னது: நடுச்சமுத்திரம் செலவுக்குக் கட்டாது, முதலில் ஏதாவது ஒரு நாட்டின் கரையோரமாக, அமைதியான தண்ணீரில், அந்த நாட்டின் சம்மதத்தோடு கட்டுங்கள். எல்லா அரசாங்கத்தையும் விட்டு ஓடுவதாகப் புறப்பட்டவர்கள் கடைசியில் ஓர் அரசாங்கத்தின் வாசலில் மனுவோடு நிற்க வேண்டியதாயிற்று. தீல் 2011-லேயே அதன் நிர்வாகக் குழுவிலிருந்து விலகிவிட்டார். பொறியியல் ரீதியாக இது இன்னும் தூரத்துக் கனவு என்று 2017-இல் பேட்டியும் கொடுத்துவிட்டார். நம்ம தம்பிகள் மட்டும் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது எழுதாததற்கு வருகிறேன்.

மேடைகளை ஏன் கழற்றி மாட்டுகிற மாதிரி வடிவமைத்தார்கள்? இதுதான் ஃப்ரீட்மன் வகையறாவின் மையத் தத்துவம். அரசாங்கம் என்பதும் ஒரு தொழில். அதில் போட்டி இல்லை, அதனால் கெட்டுப்போய்விட்டது. வீடு மிதந்தால், பிடிக்காத அரசாங்கத்திலிருந்து வீட்டையே அவிழ்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம். ஓட்டுச்சீட்டு வேண்டாம், வீடே ஓட்டு. கேட்கும்போது எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது! ஆனால் கயிறு யாருடையது? மேடை யாருடையதோ அவருடையது. அந்த மேடையில் சமைக்கிறவள், துடைக்கிறவள், பம்பு ஓட்டுகிறவன், ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றுகிறவன் எதை அவிழ்த்துக்கொண்டு போவார்கள்? அவர்களிடம் இருப்பது ஒரு பெட்டியும் ஒரு பாஸ்போர்ட்டும். வளைகுடாவுக்குப் போனவர்களைக் கேட்டால் தெரியும், அந்தப் பாஸ்போர்ட்கூட முதலாளியின் பீரோவில் இருந்த கதை. வீட்டை ஓட்டாக்கினால் வீடில்லாதவனுக்கு ஓட்டில்லை. சொத்துள்ளவனுக்கு மட்டும் வாக்குரிமை கொடுத்த வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபை ஞாபகத்துக்கு வரவில்லையா?

இது நானாக இழுத்து ஒட்டுகிற அர்த்தம் என்று சொல்லிவிட முடியாது. 2009 ஏப்ரலில் கேட்டோ இன்ஸ்டிட்யூட்டின் பத்திரிகையில் தீல் ஒரு கட்டுரை எழுதினார். சுதந்திரமும் ஜனநாயகமும் ஒத்துப்போகும் என்று தனக்கு இனி நம்பிக்கை இல்லை என்றார். 1920-க்குப் பிறகு அரசு உதவி பெறுகிறவர்கள் பெருகியதும், பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததும் முதலாளியச் சுதந்திரத்தைச் சிக்கலாக்கிவிட்டது என்கிற ரீதியில் எழுதினார். தப்பிப்பதற்கு அவர் காட்டிய மூன்று இடங்கள்: இணையவெளி, விண்வெளி, கடல். பெண்களின் ஓட்டைப் பறிக்கச் சொல்லவில்லை என்று பின்னால் விளக்கமும் கொடுத்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் யாரிடமிருந்து தப்பிக்கிறார்கள் என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது. ரேஷன் கார்டு வைத்திருப்பவனும் ஓட்டுப் போடுகிறானே, அந்த உலகத்திலிருந்து. அதாவது நம்மிடமிருந்து. தம்பி, நீ ஏறத் துடிக்கிற படகு உன்னைவிட்டுத் தப்பிப்பதற்காகக் கட்டப்படுகிற படகு.

அடுத்தது பீ. நாகரிகமாகக் கழிவு மேலாண்மை என்று சொல்லலாம். அந்தச் சொல்லுக்குள்தான் ஆளை மறைத்து வைக்கிறார்கள், அதனால் பீ என்றே எழுதுகிறேன். 2019 ஏப்ரலில் ஐ.நா.வில் காட்டப்பட்ட ‘ஓஷியானிக்ஸ்’ திட்டத்தில் 2 ஹெக்டேர் மிதவை ஒன்றுக்கு 300 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் மூத்திரம் என்று வைத்தாலே 450 லிட்டர் ஆகிறது. மற்றது தனி. எங்கே போகும் இதெல்லாம்? கப்பல்களுக்கு ‘மார்போல்’ என்கிற சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. சுத்திகரிக்காத மலத்தைக் கொட்ட வேண்டுமானால் கரையிலிருந்து 12 கடல்மைல் தாண்டிப் போக வேண்டும். கப்பல் குறைந்தது 4 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டும். ஊர் எங்கே ஓடும்? ஊர் நிற்கும். ஆகவே ஊருக்குள்ளேயே தொட்டி கட்டி, அங்கேயே சுத்திகரித்தாக வேண்டும். சுழற்சி முறை, கழிவே இல்லாத நகரம் என்றெல்லாம் படத்தில் பச்சை அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள். நான் பார்த்த எந்தப் படத்திலும் சவ்வு அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் இறங்குகிறவன் இல்லை.

அவன் இருக்கிறான். கப்பல் தொழிலில் மூடிய தொட்டிக்குள் இறங்கிச் சாவது ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. முதலில் ஒருவன் இறங்கி மயங்குவான். அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குவான். இரண்டு பேரும் வரமாட்டார்கள். அச்சு அசலாக நம்ம ஊர் செப்டிக் டேங்க் கதை. அதே ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அதே வரிசைக்கிரமம். 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம் போட்ட பிறகும் தரையில் அது நிற்கவில்லை. தரையிலாவது ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி மறியல் பண்ண ஒரு ரோடு இருக்கிறது, பிணத்தை வாங்க மாட்டோம் என்று உட்கார ஆஸ்பத்திரி வாசல் இருக்கிறது. அரசாங்கமே இல்லாத மிதவையில் பிணத்தை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது?

பீ ஒரு கப்பலையே எப்படித் திணறடித்தது என்று கேளுங்கள். 2020-இல் இந்தக் கடல்குடியேற்றக் கூட்டத்தைச் சேர்ந்த ‘ஓஷன் பில்டர்ஸ்’ கம்பெனி, 245 மீட்டர் நீளமுள்ள ‘பசிபிக் டான்’ என்ற பழைய உல்லாசக் கப்பலை வாங்கியது. பிட்காயினை உருவாக்கியவரின் பெயரால் ‘சதோஷி’ என்று நாமகரணம் சூட்டினார்கள். பனாமா வளைகுடாவில் நிறுத்தி, அறைகளை விற்று, சுதந்திர ஊர் அமைப்பதாகத் திட்டம். பனாமா அதிகாரிகளோ கப்பல் கப்பல்தான், வீடாகப் பதிய மாட்டோம் என்றார்கள். கப்பல் என்றால் கழிவு விதியும் கப்பல் விதிதான். அதைக் கொட்டுவதற்காகவே நாள்கணக்கு வைத்துக் கடலுக்குள் போய்வர வேண்டும். அதற்கு மேலே இன்சூரன்ஸ். ஒரு கம்பெனியும் பாலிசி கொடுக்க முன்வரவில்லை. இதைப் படித்தபோது பாங்கிக்காரனுக்குச் சிரிப்பு வந்தது. எல்லாக் கட்டுப்பாட்டையும் உதறியவர்கள் ஒரு பிரிமியம் ரசீதில் மாட்டிக்கொண்டார்கள். சில மாதத்திலேயே கப்பலை விற்க வேண்டியதாயிற்று. முதலில் பேச்சு நடந்தது எங்கே தெரியுமா? குஜராத்தின் அலங் கடற்கரையில், கப்பல் உடைக்கிற இடத்தில். ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் கேஸ் கட்டரை வைத்துக்கொண்டு ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்குள் நிற்கிற இடம். சுதந்திர ஊரின் எலும்பை அறுக்க நம்ம ஆள் கை வேண்டியிருந்தது. கடைசியில் அந்த விற்பனை நடக்காமல் கப்பல் வேறொரு கம்பெனிக்குப் போய், மறுபடி உல்லாசக் கப்பலாக ஓடுகிறது என்பது வேறு விஷயம். (அதே ஓஷன் பில்டர்ஸ் 2022-இல் பனாமாவின் லிண்டன் பே துறையில் ஒற்றைத் தூண்மேல் ஒரு வீட்டை நிறுத்தித் திறப்புவிழா வைத்தது. விருந்தினர் முன்னாலேயே வீடு சாய்ந்தது. ஆள்சேதமில்லை என்பதால் சிரித்துக்கொள்ளலாம்.)

இனி சட்டம். கடலில் யாருக்கும் சொந்தமில்லாத வெளி இருக்கிறது என்பதுதான் இந்தக் கற்பனையின் அஸ்திவாரம். 1982-ஆம் வருஷத்து ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையைப் புரட்டினால் அஸ்திவாரம் ஆட்டம் காண்கிறது. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை அந்நாட்டின் ஆட்சிப்பரப்பு. 200 கடல்மைல் வரை செயற்கைத் தீவு கட்டுகிற உரிமை, கட்ட அனுமதிக்கிற உரிமை அந்த நாட்டுக்கு மட்டுமே. செயற்கைத் தீவுக்குத் தீவு என்கிற அந்தஸ்து கிடையாது, அதைச் சுற்றித் தனி எல்லையும் கிடையாது. அதற்கும் அப்பால் ஆழ்கடலில் எந்த நாடும் இறையாண்மை கொண்டாட முடியாது. 2019-இல் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரைக்கு அப்பால் ஓர் அமெரிக்கரும் அவருடைய தாய்லாந்துத் துணைவியும் எண்கோண வடிவ மிதக்கும் வீட்டில் குடியேறி, உலகத்தின் சுதந்திரமான மனிதர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். ஏப்ரல் மாதம் தாய்லாந்துக் கடற்படை வந்தது. நாட்டின் இறையாண்மைக்குக் குந்தகம் என்று மரணதண்டனை வரை போகக்கூடிய பிரிவில் குற்றச்சாட்டு. இரண்டு பேரும் தப்பி ஓடினார்கள், வீட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு சின்ன வீட்டுக்குத் தூக்குத்தண்டனைப் பிரிவைக் கையிலெடுத்த அரசின்மேல் எனக்கு மரியாதை ஒன்றுமில்லை. ஆனால் அந்த அமெரிக்கருக்குத் தப்பிப்போக இன்னொரு நாடு இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாடே இல்லாமல் தண்ணீரில் இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது?

இங்கேதான் எனக்கு உண்மையான ஆத்திரம். மிதக்கும் ஊர் ஏதோ நாளைக்குக் கண்டுபிடிக்கப்போகிற புதுமை என்பதாகப் பேசுகிறார்கள். தென்சீனத்தின் டாங்கா மக்கள் பல நூறு வருஷமாகப் படகில் பிறந்து படகில் செத்திருக்கிறார்கள். டாங்கா என்பதே கரைக்காரர்கள் வைத்த இழிபெயர்; தங்களை அவர்கள் ‘தண்ணீர்மேல் மக்கள்’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஏன் தண்ணீரில் இருந்தார்கள்? கரையில் வீடு கட்டக் கூடாது. கரைக்காரர்களோடு கல்யாணம் கூடாது. அரசுத் தேர்வு எழுதக் கூடாது. யோங்செங் பேரரசர் 1729-இல் ஆணை போட்டார்: இவர்களும் நல்ல குடிகளே, கரையேறி வாழலாம். ஆணை தாளில் இருந்தது, ஜனங்கள் படகிலேயே இருந்தார்கள். நம்ம அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1906 செப்டம்பர் 18-இல் ஹாங்காங்கைப் புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கில் செத்தவர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். அதற்குப் பிறகுதான் யாவ் மா டேயில் படகுகள் ஒதுங்க அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள், 1915-இல். கலிபோர்னியாக்காரர்கள் முதல் தேவை என்று எழுதிவைத்திருக்கிற அதே அலைதடுப்பு. ஒரு ஜனம் ஆயிரக்கணக்கில் உயிரைக் கொடுத்து வாங்கிய பாடம் அது. எந்தத் திட்ட அறிக்கையாவது அவர்களுக்கு ஒரு வரி நன்றி சொல்லியிருக்கிறதா?

சாதி எதுல வந்து ஒட்டும் என்று கேட்ட தம்பிக்கு இதுதான் என் பதில். நிலம் இல்லாத இடத்தில் சாதி ஒட்டாது என்பது தப்புக்கணக்கு. டாங்காவுக்குத் தண்ணீரே சேரியாக இருந்தது.

இன்னும் பக்கத்தில் வருவோம். நைஜீரியாவின் லாகோஸ் காயலில் மகோகோ. தண்ணீருக்குள் கால் நட்ட வீடுகள், தெருவுக்குப் பதில் தோணி. மீன்பிடி ஜனங்கள். 2012 ஜூலையில் 72 மணி நேரக் கெடு கொடுத்து, கோடாலியும் ரம்பமுமாக வந்து வீடுகளை அறுத்தது மாநில அரசு. ஜனங்களின் தலைவர்களில் ஒருவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். மறு வருஷமே அதே மகோகோவில் கட்டிடக் கலைஞர் குன்லே அடேயெமி 256 பிளாஸ்டிக் பீப்பாய்களின்மேல் மரத்தால் ஒரு மிதக்கும் பள்ளிக்கூடம் கட்டினார். உலகமே போட்டோ எடுத்தது. அதன் இரண்டாம் வடிவத்துக்கு 2016 மே மாதம் வெனிஸ் கட்டிடக்கலைக் கண்காட்சியில் வெள்ளிச் சிங்க விருது. ஜூன் 7-ஆம் தேதி மகோகோவில் மழை பெய்தது, அசல் பள்ளிக்கூடம் இடிந்து தண்ணீரில் விழுந்தது. பிள்ளைகளை முன்னாலேயே வெளியேற்றியிருந்ததால் உயிர் தப்பியது. அடேயெமியின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. மகோகோவில் ஒரு மிதவை மிதக்க வேண்டுமானால் பீப்பாயையும் மரச்சட்டத்தையும் மாசாமாசம் பார்த்துப் பழுது நீக்க ஆளும் பணமும் வேண்டும். விருதுக் குழுக்கள் பராமரிப்பைப் படம் பிடிப்பதில்லை.

2021 ஜூனில் புனோம்பென்னில், டோன்லே சாப் ஆற்றில் தலைமுறையாக மிதந்து வாழ்ந்த வியட்நாமிய வம்சாவளிக் குடும்பங்களைச் சில நாள் கெடுவில் கிளப்பினார்கள். அவர்களில் நிறையப் பேருக்குக் குடியுரிமைக் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாதவன் நிலம் வாங்க முடியாது, அதனால்தான் ஆற்றில் இருந்தான். ஆற்றில் இருக்கிறான் என்று துரத்தினார்கள். 2024 ஜூனில் மலேசியாவின் சபா மாநிலம் செம்போர்னா கடலில் பஜாவ் லாவுட் ஜனங்களின் வீடுகளை இடித்தும் எரித்தும் தீர்த்தார்கள். 500 பேருக்கும் மேல் வீடிழந்தார்கள் என்று உரிமை அமைப்புகள் சொல்லின. எல்லைப் பாதுகாப்பு, கடல் பூங்கா என்று காரணம் சொன்னது அரசு. அதே கடலின் இன்னொரு கரையில், தென்கொரியாவின் பூசானுக்காக, ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பும் ஓஷியானிக்ஸ் கம்பெனியும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட படம்: 6.3 ஹெக்டேரில் 12,000 பேர், மூன்று மேடைகள், மேலே தோட்டம், கீழே சிப்பி வளர்ப்பு. பிளாஸ்டிக்கும் பலகையும் என்றால் ஆக்கிரமிப்பு, கம்ப்யூட்டரில் வரைந்தால் எதிர்காலம்!

தாஹித்தி கதையைச் சொல்லாமல் இதை முடிக்க மனசு வரவில்லை. 2017 ஜனவரியில் பிரெஞ்சு பொலினீசிய அரசோடு சீஸ்டெடிங் இன்ஸ்டிட்யூட் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ‘புளூ ஃபிரண்டியர்ஸ்’ என்று ஒரு கம்பெனி, தனியாக ஒரு மின்காசு, தனிச் சட்டமுள்ள மிதக்கும் தீவுகள். பார்த்துவைத்த இடம் அத்திமவோனோ லகூன். ஜனங்கள் கிளம்பினார்கள். எங்கள் லகூனில் நாங்கள் மீன் பிடிக்கிறோம், வரி கட்டாத கோடீஸ்வரனுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். 2018-இல் ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது என்று அரசே கைகழுவியது. அந்த அத்திமவோனோ எப்படிப்பட்ட மண்? 1860-களில் வில்லியம் ஸ்டூவர்ட் என்கிற வெள்ளைக்காரன் அங்கே பருத்தித் தோட்டம் போட்டு, சீனாவிலிருந்து கூலிகளைக் கப்பலில் இறக்கினான். கூலிகளுக்குள் நடந்த ஒரு கலவரத்தில் ஏற்பட்ட சாவுக்காக, 1869-இல் சிம் சூ குங் என்ற கூலியை கில்லட்டினில் தலை வெட்டினார்கள். அதே நாட்டின் மொருரோவா, ஃபங்கடவ்ஃபா தீவுகளில்தான் பிரான்ஸ் 1966-லிருந்து 1996 வரை 193 அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. வெளியிலிருந்து வருகிறவன் உன் கடல் காலியாக இருக்கிறது என்று சொன்னால் அந்த ஜனங்களுக்கு அடிவயிறு கலங்குவதில் ஆச்சரியமென்ன? புளூ ஃபிரண்டியர்ஸை நிறுவியவர்களில் ஒருவரான மார்க் காலின்ஸ் சென்தான் ஓஷியானிக்ஸையும் நிறுவியவர்களில் ஒருவர். தாஹித்தியில் சுதந்திரம் என்று விற்க முடியாத சரக்கு, ஐ.நா.வில் பருவநிலைத் தீர்வு என்று புது லேபிள் ஒட்டி வந்தது.

அப்படியென்றால் இதெல்லாம் பணக்காரப் பொம்மை, விட்டுத் தள்ளு என்கிறார்கள் நம் மூத்த தோழர்கள் சிலர். அதையும் நான் ஏற்கவில்லை. கடல் ஏறுகிறது. மாலைக்குப் பக்கத்தில் 5,000 வீடுகளுக்கு மிதக்கும் நகரம் கட்ட டச்சு நிறுவனத்தோடு சேர்ந்து மாலத்தீவு அரசு திட்டம் போட்டிருக்கிறது. தாழ்ந்த நிலத்தில் இருப்பவன் முதலில் மூழ்குவான், தாழ்ந்த நிலத்தில் குடிவைக்கப்பட்டது யார் என்று எல்லா நாட்டிலும் ஒரே பதில்தான். நாளைக்கு மிதவை என்பது சொகுசாக இல்லாமல் ரேஷன் மாதிரி அத்தியாவசியமாகலாம். அன்றைக்கு வரைபடம் போடுகிற மேஜையில் நம் ஆள் இல்லையென்றால் நமக்கு ஒதுக்கப்படுவது மிதவையின் அடித்தளமாகத்தான் இருக்கும்.

வெளியேறுவது என்கிற அரசியலை இவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளும் நிலையில் நாமில்லை. 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாடு தனிக்குடியிருப்புகள் கேட்டுத் தீர்மானம் போட்டது. 1947-இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற கோரிக்கை ஆவணத்தில் பாபாசாகேப் அதை விரிவாக எழுதினார். சாதி இந்துவின் கிராமத்திலிருந்து வெளியேறி நம்முடைய தனிக் கிராமங்கள். அதற்குச் சாகுபடியாகாத அரசு நிலம். குடியமர்த்த ஓர் ஆணையம். அந்த ஆணையத்துக்கு வருஷத்துக்கு 5 கோடி ரூபாய். எல்லாவற்றுக்கும் அரசியல் சட்டத்தின் காவல். பிழைப்புக்கு நிலம் இல்லாமல், ஊர்க்காரன் வயலில் கூலிக்கு நின்றுகொண்டு, தீண்டாமையிலிருந்து வெளியேற முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தீல் வகையறாவின் வெளியேற்றத்தில் அரசு இருக்கக் கூடாது, வரி இருக்கக் கூடாது, ஓட்டு இருக்கக் கூடாது. பாபாசாகேப்பின் வெளியேற்றத்தில் அரசு பணம் கொடுக்க வேண்டும், சட்டம் காவல் நிற்க வேண்டும், ஓட்டு கையிலேயே இருக்க வேண்டும். இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் குழம்பிவிடாதே தம்பி.

ஆகவே நம் பக்கத்துத் தேவைகள் என்னவென்று நாம் எழுதியாக வேண்டும். என் கணக்கில் முதலாவது, மிதவையில் ஓர் இரவு தூங்குகிற எவருக்கும், சமையல்காரிக்கும் பம்பு ஆளுக்கும், கரையில் குடியுரிமையும் ஊர்க் கூட்டத்தில் ஓட்டும். வேலையை விட்டுப் போகிற அன்றைக்குக் கரைக்குக் கொண்டுபோய்விட முதலாளி செலவில் படகு. 2020 கொரோனாவில் உலகம் முழுக்க 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே சிறைபட்டுக் கிடந்ததை மறக்கக் கூடாது. மனிதன் இறங்கத் தேவையில்லாத தொட்டி. இறங்கித்தான் ஆக வேண்டும் என்று வடிவம் போட்டால் அந்த வடிவத்துக்கே அனுமதி மறுப்பு. நங்கூரம் போடுகிற இடத்தில் வலை போடுகிறவர்களின் சம்மதம், அவர்கள் பாஷையில் எழுதி. வேலைக்காரர் அறை தண்ணீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னலில்லாமல் இருக்கக் கூடாது. கடைசியாகப் பாங்கிக்காரன் புத்திக்கு ஒன்று: கரை வீட்டுக்குப் பத்திரத்தை ஒப்படைத்தால் கடன் கிடைக்கும், மிதக்கும் வீடு அசையாச் சொத்தா அசையும் சொத்தா என்றே தகராறு. அது தீராதவரை ரொக்கம் வைத்திருப்பவன்தான் மிதப்பான். அதற்குத் தனியாக ஒரு சட்டம் வேண்டும்.

பட்டியல் முழுமையில்லை. அலைக்கணக்கும் கான்கிரீட் கணக்கும் எனக்குப் படித்துத் தெரிந்தவை, செய்து தெரிந்தவை இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் கடல்சார் பொறியியல் படிக்கிற நம் பிள்ளைகள் இருந்தால், கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பிய தோழர்கள் இருந்தால், தொட்டி அறை உள்ளே எப்படி இருக்கும், அதற்கு எத்தனை ஆள், யார் ஆள், எவ்வளவு கூலி என்று அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.